அம்மாவும் கோடு போட்ட கழுதையும்

நைரோபியில் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் கழித்து, போன மாதம்தான் அம்மா முதன்முறையாக வந்தார். வந்தவரை நைவாஷா ஏரிக்குக் கூட்டிப்போனேன். காரில் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். காக்கிச் சட்டை, பைனாகுலர், போனில் பறவைகளுக்கென ஒரு ஆப் என்று நான் ஏக தயாரிப்பு. அம்மா எப்போதும்போல் சுங்குடிச் சேலை, கையில் புளிசாதத்தோடு மஞ்சள் பை. (பாலித்தீன் பையில் கட்டிக்கொண்டிருந்ததை நான்தான் மாற்றவைத்தேன். கென்யாவில் 2017-லேயே தடை.)

ஏரிக்குள் இருக்கும் கிரசென்ட் தீவுக்குப் படகில் போனோம். "மூழ்கிப்போன எரிமலையோட விளிம்பும்மா இது, பிறை மாதிரி வெளிய தெரியுது" என்று விளக்கினேன்.

"நெருப்பு அணைஞ்சிருச்சில்ல?" என்றார். அத்தோடு புவியியல் முடிந்தது.

வழியில் நீர்யானைக் கூட்டம். படகுக்காரர் நல்ல தூரத்திலேயே இன்ஜினை அணைத்துவிட்டார். காதும் மூக்கும்தான் வெளியே தெரிந்தன. "யானைன்னு பேரு, தும்பிக்கையைக் காணோம்" என்று அம்மாவுக்கு ஏமாற்றம்.

கரையில் வழிகாட்டிப் பையன் "கரிபு, மாமா!" என்று கும்பிடாத குறையாக வரவேற்றான். அம்மா என் காதருகே வந்து, "என்னையப் பார்த்தா இவனுக்கு மாமா மாதிரியா இருக்கு?" சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா என்று புரியவைப்பதற்குள் பாதி தூரம் நடந்துவிட்டோம்.

ஆம், நடந்துதான். அந்தத் தீவில் சிங்கம் கிடையாது. அதனால் ஒட்டகச்சிவிங்கிகளுக்கு நடுவே காலாற நடக்கலாம். நான் பைனாகுலரை வைத்துக்கொண்டு அடிவானத்தைத் துழாவினேன். அம்மா குனிந்து தரையைப் பார்த்தார்.

"ஏய்யா, இங்க ஆடு மேயுது."

"சரணாலயத்துல ஏதும்மா ஆடு?"

"அப்ப இந்தப் புழுக்கை யாரோடது?"

வழிகாட்டி சிரித்தபடி "ட்விகா" என்று எனக்கு நேர் எதிரே கையைக் காட்டினான். இருபதடி தள்ளி ஒட்டகச்சிவிங்கி. அதுவரை அதன் காலைத்தான் கருவேல மரம் என்று நினைத்து பைனாகுலரில் ஃபோகஸ் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

"இம்புட்டு உசரத்துக்கு இம்புட்டுத்தானா?" அம்மாவால் நம்பவே முடியவில்லை. அதுவும் ஆடுபோல அசைபோடும் சாதிதான் என்று பையன் சொன்னதும், "அதான பார்த்தேன்" என்று தலையாட்டிக்கொண்டார். முப்பது வருஷம் ஆடு வளர்த்த ஆள்.

அதன்பிறகு வழிகாட்டி அம்மாதான். ஒரு புதரில் சாணி சிதறிக் கிடந்தது. "இது வாலால விசிறி அடிச்சிருக்கு." சரிதான், அது நீர்யானை வேலை. கிடா வாலைச் சுழற்றித்தான் இப்படி இறைத்து எல்லை போடுமாம். ராத்திரி கரையேறி ஒவ்வொன்றும் நாற்பது கிலோ வரை புல் மேயும் என்றதும், ஒட்ட மேய்ந்திருந்த தரையைப் பார்த்து, "நம்ம காட்டுல கிடை போட்ட கணக்கா இருக்கு" என்றார்.

தூரத்தில் வரிக்குதிரைகள். "கோடு போட்ட கழுதை" என்றார். எனக்கு ஒரே சிரிப்பு. நகைச்சுவையாகப் பையனிடம் மொழிபெயர்த்தேன். அவன் சிரிக்கவே இல்லை. சுவாஹிலியில் அதற்குப் பெயரே கோடு போட்ட கழுதைதானாம். (அந்தப் பெயரின் முதல் சொல்லைத் தமிழில் எழுதினால் என்னை வீட்டில் சேர்க்கமாட்டார்கள். மன்னிக்கவும்.)

கிளம்பும்போது மஞ்சள் பையைக் காலிசெய்துகொண்டு நின்றார். நைரோபி பால்கனியில் வாடிக்கிடக்கும் கறிவேப்பிலைச் செடிக்கு நீர்யானைச் சாணி வேண்டுமாம். இங்கிருந்து எதையும் எடுத்துப்போகக் கூடாது என்றான் பையன்.

"சாணியக்கூடவா?"

"சாணியைக்கூடத்தாம்மா."

படகில் திரும்பும்போது கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு என் கழுத்தில் தொங்கியதைப் பார்த்துக் கேட்டார்: "இது என்ன விலை?"

பாதி விலைதான் சொன்னேன். அதற்கே கரை வரும்வரை திட்டு விழுந்தது.