புளூட்டோ இல்லாத புத்தகம்

ஜனவரி 4

பழைய புத்தகக் குவியலில் இன்று முதலில் கண்ணில் பட்டது ஒரு பிய்ந்த முதுகு. முதுகு உரிந்து தொங்கும் புத்தகத்தைப் பொதுவாக யாரும் சீந்துவதில்லை. எனக்கு அது வசதி. உள்ளே தைத்திருக்கிறார்களா, வெறும் பசையில் நிற்கிறதா என்று பிரித்துப் பார்க்காமலே தெரிந்துவிடும். இது தைத்தது. ஒவ்வொரு ஃபாரத்தின், அதாவது சேர்த்து மடித்த தாள்கட்டின், நடுமடிப்பிலும் நூல் ஒழுங்காக ஏறி இறங்கியிருக்கிறது. தைத்த புத்தகம் எவ்வளவு சீர்கெட்டிருந்தாலும் தேற்றிவிடலாம்.

வானியல் நூல். காலிகோ துணி ஒட்டிய பைண்டிங். முன்னட்டை தொட்டால் கையோடு வந்துவிடும் போலிருக்கிறது. தலைப்புப் பக்கம் இல்லை. எழுதியவர் யார், எந்த வருடம், ஒன்றும் தெரியாது. கடைசியில் மடித்து வைத்த நட்சத்திரப் படம் ஒன்று, குறுக்கே கிழிந்து, செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கிறது.

எடுப்பதற்கு முன் பக்கங்கள் முழுசாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டேன். இதற்கு எல்லாப் பக்கத்தையும் புரட்ட வேண்டியதில்லை. 16 பக்க ஃபாரம் என்றால் 1, 17, 33, 49 என்று ஒவ்வொரு ஃபாரத்தின் முதல் பக்கத்திலும் அடியில் பொடியாக ஓர் எண் இருக்கும். கட்டுபவர் வரிசை மாறாமல் அடுக்குவதற்காக அச்சகத்தில் போடுவது. அந்த எண்கள் விட்டுப்போகாமல் வந்தால் போதும். வந்தன.

ஜனவரி 5

புதிதாக வந்த எதையும் மற்றப் புத்தகங்களோடு உடனே சேர்ப்பதில்லை. தனியாக, வெள்ளைத்தாள் விரித்து அதன்மேல் வைத்திருக்கிறேன். உயிருள்ள பூச்சி இருந்தால் சில நாளில் தாளின்மேல் மாவுபோன்ற தூள் உதிர்ந்திருக்கும். தாளின் மேற்பரப்பைச் சுரண்டித் தின்பது வெள்ளிப்பூச்சி. வட்டத் துளை போட்டுக்கொண்டு அட்டையிலிருந்து அட்டைவரை ஊடுருவுவது வண்டின் புழு. இரண்டாவதுதான் ஆபத்து. தூள் விழுந்தால் புத்தகத்தைக் காற்றுப் புகாத பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்துவிடலாம். மருந்து அடிப்பதைவிட இது எவ்வளவோ மேல். எடுத்த உடனே பையைப் பிரிக்கக் கூடாது, அவ்வளவுதான். அறைச் சூட்டுக்கு வரும்வரை விட வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் கோத்துவிடும்.

ஜனவரி 11

தூள் இல்லை. இன்று முழுக்கத் துப்பறியும் வேலைதான்.

எழுத்து பழைய அச்சு. துதிக்கை தூக்கிய லை, ணை. சுழித்த றா, னா. இதை வைத்து 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது என்று சொல்லலாம், அதற்குமேல் உதவாது. தாளைத் தொட்டாலே அதைவிட வயதானது என்று தெரிகிறது.

சரி, விஷயத்தையே கேட்போம் என்று உள்ளே போனேன். சூரியக் குடும்பத்தில் எட்டுக் கோள்கள், நெப்டியூனோடு முடிகிறது. ஆக, புளூட்டோவைக் கண்டுபிடித்த 1930-க்கு முன். மேல் எல்லை கிடைத்துவிட்டது. கீழ் எல்லைக்கு நெப்டியூன் உதவாது, அது 1846-லேயே வந்துவிட்டது.

வியாழன் அத்தியாயம்தான் கைகொடுத்தது. வியாழனுக்கு ஒன்பது துணைக்கோள்கள் என்று எழுதியிருக்கிறார். கலிலியோ 1610-இல் பார்த்தது நான்கு. ஐந்தாவது கிடைக்க 1892 வரை ஆனது. பிறகு 1904, 1905, 1908-இல் ஒவ்வொன்று. ஒன்பதாவது 1914-இல். பத்தும் பதினொன்றும் 1938-இல்தான் வந்தன. அப்படியென்றால் இந்த நூல் 1914-க்கும் 1930-க்கும் இடையில் எழுதியது. ஆசிரியர் பழைய தகவலை வைத்துக்கொண்டு தாமதமாக எழுதியிருக்கலாமே என்று கேட்டால், கேட்கலாம்தான். ஆனால் அவருக்குச் சாதகமாக ஒரு சாட்சி இருக்கிறது. கோள்களின் பட்டியலுக்கு அடியில் யாரோ பென்சிலால், சாய்ந்த கையெழுத்தில், "9. புளூட்டோ (1930)" என்று சேர்த்திருக்கிறார். செய்தி வந்தபோது புத்தகம் ஏற்கெனவே அவர் கையில் இருந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். செய்தியைப் படித்ததும் எழுந்து போய் அலமாரியிலிருந்து எடுத்து எழுதியிருக்கிறார், பாருங்கள்.

அதைவிட வேடிக்கை, 2006-இல் சர்வதேச வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் குறுங்கோள் என்று இறக்கிவிட்டது. அச்சிட்ட வரி மறுபடியும் சரியாகிவிட்டது, பென்சில் வரி தப்பாகிவிட்டது. புத்தகம் சும்மா இருந்தே ஜெயித்தது.

இந்தப் பென்சில் வரியைப் புத்தக விற்பனைப் பட்டியல்களில் குறை என்று போடுவார்கள். "ஓரங்களில் குறிப்புகள் உள்ளன" என்று எழுதி மதிப்பைக் குறைப்பார்கள். எனக்கு இந்தப் புத்தகத்திலேயே பிடித்த வரி அதுதான். பிரிக்காத உறையோடு முதல் பதிப்பு வாங்கி, கண்ணாடிக்குப் பின்னால் பூட்டி வைப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. அது வேறு பொழுதுபோக்கு.

ஜனவரி 14

மேசையருகே போனாலே வாசனை. இந்த வாசனைக்கு வேதியியல் விளக்கம் இருக்கிறது. தாளும் பசையும் மையும் மெல்லச் சிதையும்போது ஆவியாகும் நூற்றுக்கணக்கான சேர்மங்களின் கலவை அது. மரத்தாளில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் சிதைந்தால் வனிலாவுக்கு மணம் தரும் அதே வனிலின் கொஞ்சம் வெளிப்படும். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் மத்தியா ஸ்ட்ரிலிச் குழுவினர் 2009-இல் இந்த ஆவியை அளந்தே தாளின் நிலையைக் கணிக்கலாம் என்று காட்டினார்கள். பக்கத்தைக் கிழித்துச் சோதிக்கத் தேவையில்லை, முகர்ந்தால் போதும். அதாவது நாம் ரசித்து மூச்சிழுக்கும்போதெல்லாம் புத்தகம் அழிவதைத்தான் முகர்கிறோம்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் அழிகிறது? 15-ஆம் நூற்றாண்டில் குட்டன்பர்க் அச்சிட்ட பைபிள்களின் தாள் இன்றும் வளைந்துகொடுக்கிறது. என்னுடையது நூறு வயதில் மூலை உதிர்கிறது. அந்தப் பைபிள் தாள் கந்தல் துணியிலிருந்து செய்தது, நீண்ட இழை. 1840-களில் ஜெர்மானியரான கெல்லர் மரத்தை அரைத்துக் கூழாக்கும் வழியைக் கண்டுபிடித்த பிறகு தாள் மலிந்தது, இழை குட்டையானது, லிக்னின் உள்ளேயே தங்கியது. மை ஊறாமலிருக்க ரோசின் என்ற மரப்பிசினோடு படிகாரம் சேர்த்தார்கள். 1807-இலேயே இல்லிக் என்ற ஜெர்மானியர் சொன்ன முறை அது. படிகாரம் ஈரக்காற்றில் அமிலமாகி, தாளின் இழையாக இருக்கும் செல்லுலோஸ் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டும். புத்தகம் பிறக்கும்போதே உள்ளே விஷத்தோடு பிறந்தது. வெளியே நாம் செய்வதெல்லாம் அதைத் தாமதப்படுத்துவதுதான்: வெளிச்சம் படாமல், சூடில்லாமல், ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டாமல். அதைத் தாண்டினால் பூஞ்சை வரும்.

ஜனவரி 18

பசை காய்ச்சும் நாள்.

மைதா பசை எல்லோருக்கும் தெரியும். அதில் பசைப்புரதம் இருப்பதால் காலப்போக்கில் மஞ்சளாகும், விறைக்கும், பூச்சிக்கும் பிடிக்கும். பழுதுபார்க்கிறவர்கள் அந்தப் புரதத்தை நீக்கிய கோதுமை மாவுச்சத்தைப் பயன்படுத்துவார்கள். ஒரு பங்கு மாவுச்சத்துக்கு நான்கைந்து பங்கு தண்ணீர், சிறுதீ, அரைமணி நேரம் கையெடுக்காமல் கிளற வேண்டும். முதலில் பால்போல் இருக்கும், திடீரென்று இறுகும், அப்புறம் மெல்ல ஒளி ஊடுருவும் நிறத்துக்கு வரும். ஆறியதும் மெல்லிய சல்லடையில் தேய்த்துத் தேய்த்துக் கட்டியில்லாமல் எடுக்க வேண்டும். கை வலிக்கும். ஆனால் வெள்ளைப் பசை டப்பாவைத் திறப்பதைவிட இதில்தான் எனக்கு நிம்மதி. வெள்ளைப் பசை காய்ந்தால் காய்ந்ததுதான். இதை யாராவது ஐம்பது வருடம் கழித்து ஈரப் பஞ்சால் ஒற்றினால் இளகி வந்துவிடும்.

கிழிசல் ஒட்டுவதற்குக் கோஸோ இழையில் செய்யும் ஜப்பானியத் தாள். ஒருவகை மல்பெரி மரத்தின் பட்டைநார். மெல்லியது, ஆனால் நீள இழை. இதைக் கத்தரியால் வெட்டக் கூடாது. ஈரத் தூரிகையால் ஒரு கோடு இழுத்து, அந்த ஈரத்தோடு இரு கையாலும் மெல்லப் பிரித்தால் ஓரத்தில் இழைகள் பிசிறு பிசிறாக நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பிசிறுதான் பிடிமானம். வெட்டிய ஓரம் வைத்து ஒட்டினால் அந்தக் கோட்டிலேயே தாள் மறுபடி ஒடியும்.

இன்று 112-ஆம் பக்கம். கீழோரத்திலிருந்து நடுப்பத்திவரை கிழிசல். பூதக்கண்ணாடியில் பார்த்தால் தாள் நேர்செங்குத்தாகக் கிழிவதில்லை. சரிவாகக் கிழிந்து, ஒரு பக்கம் வெள்ளை உதடு தெரியும். எந்த உதடு மேலே, எது கீழே என்று பொருத்திவிட்டால் பாதி வேலை முடிந்தது. இடையில் ஓரிடத்தில் அந்தச் சரிவு திசை மாறியிருந்தது, அதனால் அங்கே மட்டும் மேலுதடு கீழாகப் போக வேண்டும். மெல்லிய தூரிகையில் பசை தொட்டு, பொருத்தி, மேலே ஜப்பானியத் தாள், அதன்மேல் ஒட்டாத துணி, மையொற்றுத் தாள், பிறகு கனம். ஈரத்தைக் குறைத்தால் ஒட்டாது, கூட்டினால் தாள் நெளியும். கனத்தை எடுத்துப் பார்த்தபோது "சந்திர கிரகணம்" என்ற சொல்லின் குறுக்கே போன கோட்டை விரலால் தடவினாலும் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரிகிறது. தெரியட்டும்.

ஜனவரி 20

தங்கை மகள் வந்திருந்தாள். தூரிகையும் இடுக்கியுமாக நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "மாமா, இதெல்லாம் பிடிஎஃப் கிடைக்குமே" என்றாள்.

"கிடைக்கலாம். பேரே தெரியாத புத்தகத்தை எப்படித் தேடுவாய்?"

கொஞ்ச நேரம் தேடிப் பார்த்தாள். அப்புறம் அவளே பக்கத்தில் உட்கார்ந்து புரட்ட ஆரம்பித்தாள். வெள்ளைக் கையுறை போட வேண்டாமா என்று கேட்டாள். சினிமாவில் பார்த்தது. பழைய தாளுக்குக் கையுறை கெடுதல். விரலின் உணர்ச்சி மழுங்கி, மூலையைக் கிழித்துவிடுவோம். கழுவித் துடைத்த வெறுங்கைதான் நல்லது. புளூட்டோ வரியைக் காட்டினேன். "இதை அழிச்சிடாதீங்க மாமா" என்றாள்.

ஜனவரி 25

நட்சத்திரப் படம். செல்லோடேப். 1930-இல் ரிச்சர்ட் ட்ரூ இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது பொட்டலம் ஒட்டத்தான் கொண்டுவந்தார், புத்தகத்துக்கு அல்ல. மேலே உள்ள கண்ணாடித்தாள் காய்ந்து தானாகவே எழும்பி வந்துவிட்டது. பசை மட்டும் தாளுக்குள் இறங்கிப் பழுப்புப் பட்டையாக நிற்கிறது. கரைப்பான் வைத்து இழுக்கலாம், ஆனால் படத்தின் நீல மையும் கூடவே நகரும். கறையை விட்டுவிட்டேன். கிழிசலை மட்டும் பின்பக்கமாக ஒட்டி, மடிப்புகளுக்குத் தாங்கல் கொடுத்திருக்கிறேன். ஓரியனுக்குக் குறுக்கே பழுப்புப் பட்டை இருந்துவிட்டுப் போகட்டும்.

பின்னால் பழுதுபார்க்க வருபவர் அவிழ்க்கும்படி செய்ய வேண்டும் என்ற இந்த எண்ணம் இன்று எல்லோரும் ஒப்புக்கொண்டது. அதை உலகத்துக்கு அழுத்திச் சொன்னது ஒரு வெள்ளம். 1966 நவம்பர் 4-இல் ஆர்னோ ஆறு புளோரன்ஸ் நகருக்குள் புகுந்து தேசிய நூலகத்தைச் சேற்றில் மூழ்கடித்தது. பல நாட்டிலிருந்து மாணவர்கள் வந்து வரிசையாக நின்று, சேற்றுப் புத்தகங்களைக் கைமாற்றிக் கைமாற்றி மேலேற்றினார்கள். பழுதுபார்க்கப் போன வல்லுநர்களில் கிறிஸ்டோபர் கிளார்க்சன் ஒரு விஷயத்தைக் கவனித்தார். அட்டையில்லாமல் மெல்லிய தோலில் கட்டிய, முதுகில் பசை அதிகம் போடாத எளிய பழைய கட்டுகள் வெள்ளத்தை நன்றாகத் தாங்கியிருந்தன. அட்டகாசமாக அலங்கரித்த கட்டுகள் பல தாங்கவில்லை. பைண்டிங் வேலையில் யாராவது பெருமை பேசும்போது எனக்கு இதுதான் நினைவு வரும்.

பிப்ரவரி 1

முதுகும் முன்னட்டையும். நடு ஃபாரம் ஒன்று தளர்ந்திருந்தது. மெழுகு பூசிய லினன் நூலால், பழைய துளைகளிலேயே ஊசியை விட்டு, பக்கத்துத் தையலோடு கோத்துக் கட்டினேன். புதுத்துளை போடவில்லை. முதுகில் மெல்லிய துணி, அதன்மேல் தாள். அட்டையை மூட்டியது பசையில்தான். மெல்லிய பின்னல் ஊசியைப் பசையில் தோய்த்து, அட்டைக்கும் முதுகுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் உருட்டிவிட்டு, மெழுகுத்தாள் வைத்து மூடி, வெளிப்பள்ளத்தில் இன்னோர் ஊசியைப் படுக்கவைத்துக் கனம் ஏற்றினேன். பழைய காலிகோவை உரித்துப் போடவில்லை. மங்கலாக இருக்கிறது, புதுத்துணி போட்டால் பளபளக்கும், எனக்கு வேண்டாம்.

பிப்ரவரி 2

கனத்தை எடுக்க ஆசையாக இருந்தது. எடுக்கவில்லை.

பிப்ரவரி 8

திறக்கிறது. மேசையில் வைத்தால் நடுப்பக்கம் கைவைக்காமலே படிந்து நிற்கிறது. வியாழன் அத்தியாயத்தை இன்று முழுசாகப் படித்தேன். ஆசிரியர் நன்றாக எழுதுகிறார், வால்நட்சத்திரம் வரும் இடத்தில் கொஞ்சம் அளக்கிறார்.

பின்னட்டையின் உள்தாளில் பென்சிலால் எழுதியிருக்கிறேன்: கோதுமை மாவுச்சத்துப் பசை, கோஸோ தாள், லினன் நூல், 112-ஆம் பக்கமும் படமும் ஒட்டியது, ஒரு ஃபாரம் மறுதையல், தேதி. தலைப்புப் பக்கம் இல்லாததால் "1914-க்கும் 1930-க்கும் இடையில், வியாழனின் துணைக்கோள்களைப் பார்க்க" என்றும் சேர்த்தேன். அடுத்து யார் பிரித்தாலும் குழம்ப வேண்டாம்.

அலமாரியில் இறுக்கிச் செருகாமல், நேராக நிற்கும்படி இடம்விட்டு வைத்தாயிற்று. எடுக்கும்போது முதுகின் உச்சியில் விரல்விட்டு இழுக்கக் கூடாது என்று தங்கை மகளுக்குச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பக்கத்துப் புத்தகங்களை உள்ளே தள்ளிவிட்டு நடுவில் பிடித்து எடுக்க வேண்டும்.

அடுத்து ஓர் அகராதி காத்திருக்கிறது. அதில் "ப" வரிசையில் ஒரு ஃபாரத்தைக் கட்டும்போதே தலைகீழாகக் கட்டியிருக்கிறார்கள். பிரித்துத் திருப்பித் தைப்பது ஒரு மாலை வேலை. ஆனால் அதன் பழைய சொந்தக்காரர் அந்தப் பக்கங்களிலும் தலைகீழாகவே ஓரக்குறிப்பு எழுதியிருக்கிறார், அதாவது புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பிடித்தே பயன்படுத்தியிருக்கிறார். திருப்பித் தைப்பதா, அப்படியே விடுவதா என்று இன்னும் முடிவாகவில்லை.