சொல்லே இல்லாத நிலாப் பயணம்

ஜான் ஹேரின் ‘ஃபீல்ட் ட்ரிப் டு தி மூன்’ (2019) புத்தகத்தைத் திருவையாற்றில் அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவள் மகளோடு பார்த்தேன், பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், கதை சொல்ல உள்ளே ஒரு வரிகூடக் கிடையாது. நிலாவுக்குப் பள்ளிச் சுற்றுலா போன பிள்ளைகளில் ஒன்று பூமியை வரைந்தபடியே தூங்கிப்போக, விண்கலம் கிளம்பிவிடுகிறது. அப்புறம் சாம்பல் நிற நிலாவாசிகள் எட்டிப் பார்க்கிறார்கள், பிள்ளை தன் கிரேயான்களை அவர்களுக்குக் கொடுக்கிறது, ஹெல்மெட்டுக்குள் முகம்கூடத் தெரியவில்லை, ஆனாலும் அந்தச் சந்தோஷம் தெரிகிறது, அந்தப் பக்கத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எழுத்துக் கூட்டவே திணறுகிறவள் இதை மட்டும் மூச்சு விடாமல் சொன்னாள். இரண்டாம் தடவை அவள் சொன்ன கதையில் நிலாவாசிகள் கல்லணைக்குச் சுற்றுலா வந்து காவிரியில் கால் நனைத்தார்கள்.