இரண்டு முறை வந்த பணம்

சைக்கிள் பழுது பார்க்கும் கடையில் கை எப்போதும் கறையாகத்தான் இருக்கும். செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கும்போது ஒருவர் பணம் கொடுக்க வந்தால் எழுந்து, கையைத் துடைத்து, கல்லாவைத் திறந்து, சில்லறை தேடி எண்ணிக் கொடுத்துவிட்டுத் திரும்ப வந்து உட்காருவதற்குள் எந்த நட்டை எங்கே வைத்தேன் என்பதே மறந்துபோகும். அதனால் கல்லா மேசையில் க்யூஆர் கோடு ஒட்டிய முதல் வாரம், கடைக்குக் கூடுதலாக ஓர் ஆள் வந்த மாதிரி இருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே "அங்கே இருக்கு, ஸ்கேன் பண்ணிடுங்க" என்பேன். அவர்கள் போனைத் தூக்கிக் காட்டுவார்கள், நான் தலையாட்டுவேன், வண்டி கிளம்பிவிடும்.

அப்படித் தலையாட்டியது தப்பு என்று புரியக் கொஞ்ச நாள் ஆயிற்று.

மேசையில் ஒட்டியிருக்கிற அந்தச் சதுரத்துக்கு, பணம் வந்ததா இல்லையா என்று எதுவும் தெரியாது. நம் கணக்குக்கு வழி சொல்லும் விலாசம் மட்டும்தான் அதில் இருக்கிறது. தொகையைக்கூட வாடிக்கையாளர்தான் தட்டுகிறார், அவசரத்தில் ஒரு சுழியம் கூடும் அல்லது குறையும். ஒவ்வொரு பில்லுக்கும் தொகையோடு புதிதாக வரும் கோடும் உண்டு, அதில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அதற்கு ஒரு திரையோ கருவியோ வேண்டும். எங்களுடையது அட்டையில் அச்சடித்தது. வாடிக்கையாளரின் போனில் பச்சை டிக் வந்தால் அது அவர் பக்கத்துச் செய்தி. பணம் நம் கணக்கில் சேர்ந்ததை நம் போனில்தான் பார்க்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் எதிர்ப்பக்கம் ரொம்ப தூரம் போய்விட்டேன். என் போனில் செய்தி வராமல் ஒரு வண்டியும் நகராது என்று உறுதியாக இருந்தேன்.

ஒருநாள் பெரியவர் ஒருவர் பின்சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்க வந்தார். வேலை முடிந்தது, ஸ்கேன் செய்தார், "போயிடுச்சு தம்பி" என்று போனைக் காட்டினார். என் போனில் ஒன்றும் வரவில்லை. ஐந்து நிமிடம் பார்த்தேன். பின்னால் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். "வரலைங்க ஐயா, இன்னொரு தடவை போட்டுடுங்க" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மறுபடியும் போட்டார், அது உடனே வந்தது. அவர் போய் அரை மணி நேரம் கழித்து முதல் பணமும் வந்து சேர்ந்தது.

அன்று மாலையே செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் தேடி எடுத்து, வந்த வழியிலேயே திருப்பி அனுப்பினேன். அவருக்குச் சொல்ல அவருடைய எண் என்னிடம் இல்லை. மூன்று நாள் கழித்து அவரே வந்தார். வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை. டயரை அழுத்திப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "அன்னைக்கு ரெண்டு தடவை போயிடுச்சு போல இருக்கு தம்பி..." என்று இழுத்தார். பணம் திரும்பிப் போனதை அவர் கவனித்திருக்கவில்லை. தன் பணத்தைக் கேட்க வந்தவர் ஏதோ உதவி கேட்பதுபோல் கூச்சப்பட்டு நின்றதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அதற்கப்புறம் யாரையும் இரண்டாவது தடவை போடச் சொல்வதில்லை. செய்தி வரவில்லை என்றால் அவர் போனில் இருக்கும் பரிவர்த்தனை எண்ணின் கடைசி ஆறு இலக்கம், நேரம், தொகை, போன் எண் நான்கையும் நோட்டில் எழுதிக்கொண்டு வண்டியைக் கொடுத்துவிடுகிறேன். என்னோடு வேலை செய்பவருக்கு இதில் உடன்பாடு இல்லை. நேற்றைய ஸ்கிரீன்ஷாட்டை இன்று காட்டி ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள் என்கிறார். இருக்கிறார்கள்தான். அதனால்தான் நேரத்தையும் எண்ணையும் எழுதுகிறேன், எழுத நோட்டை எடுத்ததும் வேறு வழியில் பணம் கொடுத்துவிட்டுப் போனவரும் உண்டு. நேர்மையானவர் நம் கடையில் சங்கடப்பட்டு நிற்கக் கூடாது என்பதுதான் எனக்கு முக்கியம்.

கோடு ஒட்டிய அட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவும் அவர் குழுவும் க்யூஆர் கோட்டை உருவாக்கியது கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைப்பதற்காக. தொழிற்சாலை அழுக்கு படும் என்று தெரிந்தே செய்ததால், ஒரு பகுதி அழிந்தாலும் மீதியை வைத்துப் படித்துவிடும். அச்சிடும்போது தேர்ந்தெடுக்கும் நிலையைப் பொறுத்து சுமார் 7 சதவீதத்திலிருந்து 30 சதவீதம் வரை சேதத்தைத் தாங்கும். என் எண்ணெய்க் கைரேகைகளோடும் எங்கள் அட்டை பல மாதம் ஓடியது. ஆனால் மூலையில் இருக்கும் மூன்று பெரிய கட்டங்களில் ஒன்று கெட்டால் கேமரா தடுமாறும். சுற்றிலும் உள்ள வெள்ளை ஓரத்தையும் விட்டுவைக்க வேண்டும். அட்டை அழகாக இருக்கட்டும் என்று நான் அந்த ஓரத்தை ஒட்ட வெட்டிவிட்டு, ஏன் பிடிக்கவில்லை என்று ஒரு நாள் முழுக்கத் திண்டாடினேன். பளபளப்பான லேமினேஷனும் வேண்டாம், விளக்கு வெளிச்சம் பட்டால் கோடே தெரியாது.

இன்னொரு பயமும் உண்டு. நம் கோட்டின் மேல் யாராவது தங்கள் கோட்டை ஒட்டிவிட்டுப் போனால், நாள் முழுக்க வாடிக்கையாளர் சரியாகத்தான் பணம் கட்டுவார், அது வேறு எங்கோ போய்க்கொண்டிருக்கும். அதனால் காலையில் கடை திறந்ததும் காற்றடிக்கும் பம்பை வெளியே வைப்பதற்கு முன்னால், கை சுத்தமாக இருக்கும்போதே, அட்டையின் ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்க்கிறேன். பிறகு வீட்டிலிருந்து கொண்டுவந்த இன்னொரு போனால் ஸ்கேன் செய்து, திரையில் என் கடையின் பெயர் வருகிறதா என்று பார்த்துவிட்டு முதல் வண்டியை உள்ளே எடுக்கிறேன்.