லேசர் தடமும் மருத்துவக் குறிப்பும்

தோல் சிகிச்சை தப்பாகப் போனால் காயம் கண்ணுக்குத் தெரியும். அதனாலேயே, தழும்பைக் காட்டினால் போதும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். சிங்கப்பூர் நீதிமன்றம் கேட்பது வேறு: மருத்துவர் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டாரா, அதனால்தான் இந்தத் தழும்பு வந்ததா?

இரண்டாவது கேள்வியில் நம் தோல் நிறம் குறுக்கே வருகிறது. மாநிறத் தோலில் எக்ஸிமாவோ (அரிப்புடன் வரும் தோல் அழற்சி) முகப்பருவோ ஆறினாலே கருமை தங்கிவிடும். "லேசர் போட்டபின் கறுத்தது" என்றால், "நோயே கறுக்க வைக்கும்" என்பார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். அங்கே கைகொடுப்பது காயத்தின் வடிவம். ஐபிஎல் கருவியின் (லேசர் அல்ல, பலமான ஒளியைத் துடிப்புகளாகப் பாய்ச்சும் கருவி) சூடு செவ்வகத் தடமாகப் பதியும். லேசர் பெரும்பாலும் வட்டம் வட்டமாக. எக்ஸிமாவுக்கு இப்படி அளந்து வைத்த விளிம்பு வராது. தடம் மங்கிவிடும் என்பதால் முதல் நாளே, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுக்க வேண்டும். அடுத்து கிளினிக்கின் குறிப்புகளுக்கு நகல் கேளுங்கள். எந்த அலைநீளம், எவ்வளவு ஆற்றல், முதலில் சிறு இடத்தில் சோதனைப் புள்ளி போட்டுப் பார்த்தார்களா? 755 நானோமீட்டர் ஒளியை, தோலுக்கு நிறம் தரும் மெலனின் நிறைய உறிஞ்சும். கருமையான தோலுக்கு 1064 நானோமீட்டர் அதைவிடப் பாதுகாப்பானது. காரணம் எதுவும் எழுதாமல் முதலாவதைத் தேர்ந்திருந்தால், கேட்க வேண்டிய கேள்வி அங்கே இருக்கிறது.

சோரியாசிஸுக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் விஷயமே வேறு. வாரம் ஒருமுறை விழுங்க வேண்டிய மாத்திரை தினமும் உள்ளே போனால் வாய்ப்புண் வரும், ரத்த அணுக்கள் சரியும், உயிரும் போகலாம். மருந்துச் சீட்டு, பையில் ஒட்டிய லேபிள், மிச்ச மாத்திரை மூன்றையும் தூக்கி எறியாதீர்கள். தவறு எழுதியவருடையதா, கொடுத்தவருடையதா, விழுங்கியவருடையதா என்பதை அவைதான் சொல்லும்.

ஆபத்தை முன்பே சொல்லவில்லை என்ற புகாருக்கு 2022 ஜூலை 1 முதல் சிவில் சட்டத்தின் 37ஆம் பிரிவு அளவுகோல். சக மருத்துவர்கள் ஏற்கும் முறையில் ஆலோசனை சொல்லியிருக்க வேண்டும். ஆனால் முடிவெடுக்க நோயாளிக்குத் தேவையான தகவல் போய்ச் சேர்ந்ததா என்பதையும் அந்த முறை கணக்கில் எடுத்திருக்க வேண்டும். அழகு நிலையத்தில் சுட்டால் இந்தப் பிரிவு பொருந்தாது, சாதாரண கவனக்குறைவு வழக்குதான்.

சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தில் புகார் கொடுப்பது ஒழுங்கு நடவடிக்கைக்கு; இழப்பீடு அங்கே கிடைக்காது. மணிக்கட்டில் போட்ட ஸ்டீராய்டு ஊசிக்குப் பின் தோல் மெலிந்து நிறம் மாறிய ஒரு வழக்கில், பக்கவிளைவுகளைச் சொல்லாததற்காக மருத்துவருக்கு 1,00,000 வெள்ளி அபராதம் விதித்தார்கள். 2019இல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தவறு எல்லாமே தொழில் ஒழுக்கக்கேடு ஆகாது என்பது அதன் பார்வை. எனக்கும் அது சரியாகவே படுகிறது.

இழப்பீடு வேண்டுமென்றால் நீதிமன்றம்தான். கோரும் தொகை 60,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், 2,50,000 வரை மாவட்ட நீதிமன்றம். சுயேச்சையான தோல் நிபுணரின் அறிக்கை இல்லாமல் போகாதீர்கள். தோற்றால் எதிர்த்தரப்புச் செலவும் பொதுவாக உங்கள் தலையில். வழக்குப் போடக் கெடு, காயம் நேர்ந்த நாள், விவரம் தெரிந்த நாள் இரண்டில் பிந்தியதிலிருந்து 3 ஆண்டு. மன்றத்தில் புகார் விசாரணை நடக்கிறதே என்று காத்திருந்தாலும் அந்தக் கெடு நிற்காது.