நர்மதைக் கரையின் ராஜா

நேற்று இரவு முழுக்க ராஜசாரஸ் என்ற டைனோசரின் நினைப்புதான். குஜராத்தின் ரஹியோலியில் 1980களின் தொடக்கத்தில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் எடுத்த எலும்புகள். 2003இல்தான் பெயர் கிடைத்தது. நெற்றியில் குட்டைக் கொம்பு வைத்த ஊனுண்ணி.

என்னை உலுக்கியது அதன் உறவுமுறை. நெருங்கிய பங்காளியான மஜுங்காசாரஸ் கிடைத்தது மடகாஸ்கரில்! தூரத்துச் சொந்தம் கார்னோடாரஸ் அர்ஜென்டினாவில். முன்னோர் வாழ்ந்ததெல்லாம் இந்தியா, மடகாஸ்கர், தென் அமெரிக்கா எல்லாம் ஒட்டிக் கிடந்த கோண்ட்வானா என்ற ஒரே பெருநிலம், அவ்வளவுதான். சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரை விட்டுப் பிரிந்த இந்தியா வடக்கே கிளம்பியது. அப்புறம் ஆண்டுக்குப் பதினைந்து செ.மீ.க்கும் மேல் வேகம் பிடித்தது. ஒரு நிலத்தட்டுக்கு அது ஓட்டம்! அதன் முதுகில் ஏறித்தான் ராஜசாரஸின் வம்சமும் வந்திருக்கிறது. ராஜசாரஸ் புதைந்த, லமேட்டா எனப்படும் பாறை அடுக்குகளுக்கு மேலே தக்காணத்து எரிமலைக் குழம்பு கரும்பாறையாக இறுகிக் கிடக்கிறது.