கட்டில் சட்டத்தில் ஒரு பீசோ வில்லை

மார்ச் 3
அவரை வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. பத்து நாள் பேசக் கூடாதாம்.

மார்ச் 4
கட்டிலில் இரண்டு முறை தட்டினால் தண்ணீர் வேண்டும் என்று பொருள். கூடத்தில் படுத்தால் காதில் விழுவதில்லை. கட்டில் சட்டத்தில் பீசோ வில்லையை (அதிர்வை மின்னழுத்தமாக்கும் தகடு) ஒட்டி, ஒற்றை டிரான்சிஸ்டர் பெருக்கியில் கொடுத்தேன். கணக்குப்படி 170 மடங்கு. ஹெட்போனில் ஒன்றுமே இல்லை.

மார்ச் 5
மடத்தனம். டிரான்சிஸ்டரின் வெளியீட்டுக் காலான கலெக்டரில் 4.7 கிலோ ஓம் மின்தடை; ஏறக்குறைய அதுவேதான் வெளியீட்டு மின்மறுப்பு, அதாவது வெளியே போகும் மின்னோட்டத்துக்குப் பெருக்கி காட்டும் தடை. ஹெட்போனோ 32 ஓம். நூற்றில் ஒரு பங்குகூட அதற்குப் போகாது. பின்னால் ஓர் எமிட்டர் ஃபாலோவர் (எமிட்டர் காலிலிருந்து வெளியீடு எடுக்கும் டிரான்சிஸ்டர் கட்டம்) வைத்தேன், 10 மில்லி ஆம்பியரில். மின்னழுத்தத்தைத் துளியும் பெருக்காத ஜென்மம். ஆனால் அந்த 4.7 கிலோ ஓமைப் பீட்டா (டிரான்சிஸ்டரின் மின்னோட்டப் பெருக்கம்) 200ஆல் வகுத்து, தன் பங்கையும் சேர்த்து 26 ஓமாகக் காட்டுகிறது. பாதிக்கு மேல் வந்து சேர்கிறது. கேட்கிறது!

மார்ச் 6
கஞ்சியைத் தொடவில்லை.

மார்ச் 7
நகம் பட்டால் ‘டிக்’ என்று கேட்கிறது. விரல் நுனி பட்டால் இல்லை. நேற்றிரவு தட்டினாராம், காலையில் கையை அசைத்துக் காட்டினார். நகத்தால் சுண்ட இரவில் தெம்பு ஏது?

தூக்கம் வராமல் அளந்தேன். கைபேசியிலிருந்து 1000 ஹெர்ட்ஸ் ஒலியைச் சில மில்லிவோல்ட்டுக்குக் குறைத்து, உள்ளீட்டுக்கு முன் தொடராக ஒரு மாறுதடையைப் போட்டேன். வெளியீடு பாதியாகும்வரை திருகிவிட்டு மாறுதடையை மீட்டரில் பார்த்தால் 3.3 கிலோ ஓம். பெருக்கியின் உள்ளீட்டு மின்மறுப்பு அவ்வளவுதான். பீசோ என்பது வெறும் 20 நானோ ஃபாரட் மின்தேக்கி. இரண்டும் சேர்ந்தால் 2400 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேய்ந்துவிடும். விரல் நுனியின் ‘தொம்’ முழுக்க அங்கேதான் இருக்கிறது.

மார்ச் 8
உள்ளீட்டு மின்மறுப்பை ஏற்ற, பீட்டா கூடிய டிரான்சிஸ்டர் போட்டால்? டிரான்சிஸ்டரை இயங்கு நிலையில் வைக்கும் பயாஸ் மின்தடைகளே 47 கிலோவும் 10 கிலோவும், இணையாக 8.2. எதைப் போட்டாலும் அதைத் தாண்டாது. காய்ச்சல் 100.4.

மார்ச் 9
முன்னாலும் ஒரு ஃபாலோவர். எமிட்டரில் 10 கிலோ. உள்ளீட்டுக் காலான பேஸுக்குள் பார்த்தால், அடுத்த கட்டத்தின் 3.3 கிலோவையும் கணக்கில் சேர்த்து, ஏறக்குறைய 5 லட்சம் ஓம். பயாஸுக்கு இரண்டு 470 கிலோ போட்டேன், அவை ஏறக்குறைய 1,60,000க்கு இழுத்துவிடுகின்றன. இருக்கட்டும், 50 ஹெர்ட்ஸ் வரை வரும். அடுத்த கட்டத்துக்கு அதன் வெளியீடு நூற்றுச் சொச்சம் ஓம்தான், 3.3 கிலோவின் முன் இழப்பே தெரியாது.

சாலிடர் ஆறும் முன்பே சோதித்தேன். போர்வை நழுவுவதுகூடக் கேட்கிறது.

மார்ச் 10, காலை 4.50
தட்டினார். விரல் நுனிதான். மூன்று.

மூன்றுக்கு நாங்கள் எதுவும் பேசி வைத்திருக்கவில்லை.