மழைக்காலமும் ராக்கெட் கிரிப்பும்

ஜூன் 11
மூன்று நாளாக மழை விடவில்லை. நுவரெலியாவில் ஜூன் என்றால் இப்படித்தான்; கொடியில் போட்ட துணிகூடக் காய்வதில்லை. ஸ்குவாஷ் ராக்கெட்டைப் பையிலேயே விட்டுவிட்டேன். இன்று ஜிப்பைத் திறந்ததும் புளித்த வாடை. கைப்பிடியில் சுற்றிய கிரிப் பிசுபிசுவென்று இருந்தது.

கோர்ட்டில் இறங்கியதும் தெரிந்துவிட்டது. பந்து தரையில் படுமுன் பேக்ஹேண்ட் வாலி அடிக்கையில் ராக்கெட் கைக்குள் லேசாகத் திரும்ப, பந்து முன்சுவரின் அடியில் இருக்கும் டின்னில் மோதியது. வழுக்கிவிடுமோ என்று இறுக்கிப் பிடித்தேன். இரண்டாவது கேமுக்குள் முன்கை கல்லாகிவிட்டது. அப்படி இறுகிய கையில் மணிக்கட்டு வேலை செய்யாது. முன்சுவரோரம் மெல்ல விழ வேண்டிய டிராப் ஷாட்டெல்லாம் உயர எழும்பிப் போனது.

ஜூன் 12
அடுப்பங்கரையில் வைத்துக் காயவைக்கவா என்று தம்பி கேட்டான். வேண்டாம் என்றேன். போன வருஷம் அப்படிச் செய்துதான் ஒரு கிரிப் விறைத்து வெடித்தது. துணியால் ஒற்றி ஜன்னலோரம் தொங்கவிட்டேன்.

ஜூன் 14
காய்ந்த பிறகும் பிடிப்பு வரவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் இடம் மட்டும் கண்ணாடிபோல மினுங்கியது. இனித் துடைத்துப் பயனில்லை. கொழும்பிலிருந்து வாங்கிவந்திருந்த புதுக் கிரிப்பை எடுத்துக்கொண்டு கிளப்பில் எங்களுக்கு ஆட்டம் சொல்லித்தரும் மார்க்கர் அண்ணனிடம் போனேன்.

பழையதை உரித்தால் பிடியெங்கும் கறுத்த பசை. "தம்பி, இத எடுக்காம சுத்துனா மேடு பள்ளம் எல்லாம் உள்ளங்கையிலதான் தெரியும்" என்று சொல்லி, ஸ்பிரிட் தொட்ட துணியால் மரம் தெரியும்வரை துடைத்தார். அப்புறம் புதுக் கிரிப்பின் கூர்முனையைப் பிடியின் அடிப்பக்கத்தில் ஒட்டி, இழுத்துப் பிடித்தபடி, ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் மேல் இரண்டு மில்லிமீற்றர் ஏறும்படி சுற்றிக்கொண்டே போனார். அவர் கட்டைவிரல் ஓரத்தை அழுத்திக்கொண்டே மேலேறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மேல்முனையை டேப்பால் கட்டி முடித்தார்.

இதன் மேல் சுற்றும் மெல்லிய பட்டையான ஓவர்கிரிப் ஒன்று போதும். அது அரை மில்லிமீற்றர்தான் இருக்கும், ஆனால் இரண்டு ஓவர்கிரிப் சுற்றினால் பிடி தடித்துவிடும். ராக்கெட் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று விரலுக்குத் தெரியாது.

ஜூன் 17
இந்தக் குளிரில், குறைவாகத் துள்ளும் இரட்டை மஞ்சள் புள்ளிப் பந்து சூடேறவே பத்து நிமிஷம் ஆகிறது. அதுவரை கையும் காய்ந்தே இருக்கும். வியர்வை வருவது அதற்குப் பிறகுதான், சோதனையும் அப்போதுதான். இன்று ஐந்து கேம் ஆடினோம். ராக்கெட் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. கேமுக்கு ஒருமுறை உள்ளங்கையைத் துண்டில் துடைத்தேன், அவ்வளவுதான்.

ராக்கெட் இப்போது பைக்கு வெளியே, ஆணியில் தொங்குகிறது. நாளை தம்பியுடையதைப் பிரிக்க வேண்டும்.